முறைக்கு அத்தை

கேட் போட்டுவிட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? குற்றாலிங்கம் ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பியிருக்கிறார் என்று தெரிந்தால் அந்த ரயிலுக்கு அதுவரை இல்லாத அவசரம் வந்துவிடாதா! சிவப்பு வெள்ளைக் கம்பி காருக்கு நேர் எதிரே இறங்கி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. பத்தரைக்கு ராகுகாலம். கேட்டைத் தாண்டினால் பத்து நிமிஷத்தில் வீடு. பத்தரைக்குள் தட்டை மாற்றி, பெண்ணின் தலையில் பூ வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் முடிந்தது, அவர் மகன் அருணுக்கு தர்ஷினி என்று ஆகிவிடும், அதற்குமேல் யாரும் வாயைத் திறப்பதற்கில்லை. வாயைத் திறக்க வேண்டிய ஆள் அவர்தான். மூன்று மாதமாக அவர் திறக்கவில்லை. மடியில் பூத்தட்டு வேறு. பழத்தட்டு, சர்க்கரைத் தட்டெல்லாம் பின்னால் வேனில் சொந்தக்காரர்களோடு வருகிறது, பூத்தட்டை மட்டும் கீழே வைக்கக்கூடாது என்று மனைவி கோமதி அவர் மடியில் வைத்துவிட்டாள், பித்தளைத் தட்டு, நாலு பந்து பிச்சிப்பூ, மேலே ஈரத் துணி. துணியில் இருந்த தண்ணீர் வேட்டிக்கு இறங்கிவிட்டது. வலது கால் மரத்துப்போய் அரைமணி நேரமாகிறது. "ஏசியை அமத்திரட்டா சார், கேட் திறக்க லேட்டாகும்போல" என்றான் டிரைவர் ஜெபராஜ், கேட்டுக்கொண்டே அமத்திவிட்டான். பிறகு சும்மா இருக்க முடியாமல், "யாரு வீட்டுக்கு சார் போறோம்?" என்றான். கோமதி முந்திக்கொண்டாள். "எங்க நாத்தனா வீடு. பொண்ணுக்கு எம் மவன் தாய்மாமன் மவன்." "அப்பம் உரிமைப் பொண்ணுன்னு சொல்லுங்க." "உரிமையிலயும் உரிமை" என்று கோமதி முந்தானையால் விசிறிக்கொண்டாள். குற்றாலிங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாத்தனார் வீடாம். நாத்தனார் வீடுதான், யார் இல்லை என்றது? அது அவர் தம்பி வீடும்தான். ஒரே வயிற்றில் மூன்று வருஷம் பிந்திப் பிறந்த தம்பி மாசிலாமணியின் வீடு. ஆனால் அதைச் சொல்கிறதற்கு ஊரில் நாக்கு கிடையாது, அவருக்கும் கிடையாது.

இதை யாருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் அவருக்கு அலுப்புத்தான் வரும். ஐந்து வயதில் அவரை அவர் மாமாவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அருணாசலம் மாமாவுக்குப் பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை. தங்கை ஆவுடையம்மாளுக்கு இரண்டு பையன்கள் இருந்தார்கள். அண்ணன் ஒரு வார்த்தை கேட்டார், தங்கை மூத்தவனைத் தூக்கி அவர் மடியில் உட்காரவைத்துத் தாரை வார்த்துவிட்டாள், மாமாவும் மாமியும் மஞ்சள் தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான் சோலி முடிந்தது. காலையில் எழுந்தபோது அம்மாவாக இருந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தை. அப்பா மாமா ஆனார், மாமா அப்பா ஆனார், இரண்டு வயசுத் தம்பி அத்தை மகன் ஆனான். ஐந்து வயசுப் பையனுக்கு இது எப்படிப் புரியும்? புரியவைத்தார்கள். "அத்தைன்னு சொல்லு", "அத்தைன்னு சொன்னாத்தான் மிட்டாய்." சொன்னார், மிட்டாயும் கிடைத்தது, தேன்மிட்டாய். இதில் ஆத்திரப்படுவதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் ஆத்திரம். யாரும் அவரை அடித்துத் துரத்தவில்லை. அருணாசலம் அப்பா மாதிரி ஒரு அப்பா யாருக்கு வாய்க்கும்? டைபாய்டு வந்தபோது பதினேழு நாள் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கிடந்த மனுஷர். சரி, அதோடாவது நின்றதா? தத்தெடுத்து இரண்டு வருஷத்தில் அப்பாவுக்கு மகள் வடிவு பிறந்தாள். பத்து வருஷம் பிறக்காதவள் அந்த இரண்டு வருஷம் முந்திப் பிறந்திருந்தால் என்ன கேடு? அவர் ஆவுடையம்மாளின் மகனாகவே இருந்து, வடிவு அவருக்கு முறைப்பெண்ணாக இருந்திருப்பாள். இப்போது தங்கச்சி. தங்கச்சி என்றால் நிஜமாகவே தங்கச்சிதான், தூக்கி வளர்த்தவர், அதில் ஒரு குறையும் இல்லை. அந்த வடிவைத்தான் மாசிலாமணிக்குக் கட்டிவைத்தார்கள், மாமன் மகள் என்று. ஆக, கூடப் பிறந்த தம்பி அவருக்குத் தங்கச்சி மாப்பிள்ளை. அண்ணன் என்று கூப்பிட வேண்டியவன் அத்தான் என்று கூப்பிடுகிறான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அவர் பெரியப்பாவா தாய்மாமாவா என்று கேட்டால் இரண்டும்தான், ஆனால் தாய்மாமாவை மட்டும்தான் பத்திரிகையில் போடுவார்கள்.

"மணி என்ன ஆவுது?" என்றாள் கோமதி. பத்து என்றார். "இந்தக் கேட்டை இப்பத்தான் போடணுமா?" என்று அவரிடம் கேட்டாள், அவர்தான் போட்டதுபோல. பக்கத்தில் ஒரு பால்காரர் பைக்கை நிறுத்தி இறங்கி, கேன்களின் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். புகை நேராகக் காருக்குள் வந்தது. குற்றாலிங்கத்துக்கு எரிச்சலாக இருந்தது, எரிச்சலுக்கு அடியில், இந்த ரயில் பத்தரை வரைக்கும் வராமல் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பும் ஓடியது, அந்த நினைப்பைப் பார்த்து இன்னும் எரிச்சல் வந்தது. வராமல் இருந்தால் மட்டும்? பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிந்ததும் போகப்போகிறார்கள். இன்று இல்லாவிட்டால் புதன்கிழமை. ஒரு மனுஷன் ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகள் பெற்று, பென்ஷன் வாங்குகிற வயதில், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு ரயிலை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே! மூன்று மாதம் முன்னால் கோயில் கொடைக்குப் போன இடத்தில் யாரோ ஆரம்பித்துவைத்தது. "உம்ம பையனும் வளந்துட்டான், தங்கச்சிக்கும் பொண்ணு இருக்கு, முறையை வெளிய தேடுவானேன்" என்று எவனோ ஒருவன், அவன் பெயர்கூட ஞாபகமில்லை, பந்தியில் ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சொன்னான். ரசம் வந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான். கோமதி அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். வடிவுக்குச் சந்தோஷம், அண்ணன் வீட்டுக்கே பெண்ணைக் கொடுக்கிறதில் யாருக்குச் சந்தோஷம் இருக்காது? மாசிலாமணி தலையைச் சொறிந்தான், பிறகு, "அத்தான் சொன்னாச் சரிதான்" என்றான். சொறிந்தானா இல்லையா? சொறிந்தான். அவனுக்கும் அதே நினைப்புத்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவன் எப்படிச் சொல்லுவான், 'அண்ணே, இது நம்ம ரெண்டு பேரு பிள்ளைகளாச்சே' என்று? அண்ணே என்று கூப்பிட்டுப் பழக்கம் இருந்தால்தானே சொல்ல வரும்? பெங்களூரில் இருக்கிற மகனிடம் கேட்டால் அவனாவது மாட்டேன் என்று சொல்லுவான் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. "உங்க இஷ்டம்ப்பா" என்றான். உங்க இஷ்டமாம்! பைக் வாங்கும்போது மட்டும் நாலு மாசம் சண்டை போடத் தெரிந்தது.

ஒருநாள் கோமதியிடம் சொல்லிப்பார்த்தார். தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு தோணுது" என்றார். அவள் திரும்பாமலே, "ஏன்?" என்றாள். ஏன் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது, தர்ஷினி என் தம்பி மகள், எனக்கும் மகள், அருணுக்குத் தங்கச்சி. மூன்று சின்ன வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. "ஒண்ணுமில்ல, ஜாதகம்" என்றார். "ஜாதகம் ஒம்பது பொருத்தம்" என்று அவள் தோசையைத் திருப்பிப்போட்டாள். அவளுக்குத் தெரியாதா என்ன? தத்துப்பிள்ளைக்குத்தான் வாழ்க்கைப்படுகிறோம் என்று தெரிந்தேதான் வந்தாள். ஆனால் தெரிவது வேறு, அதை நினைத்துக்கொண்டிருப்பது வேறு. முப்பது வருஷமாக வடிவை நாத்தனார் என்று சொல்லி நாத்தனாருக்கு உண்டான சண்டையெல்லாம் போட்டாகிவிட்டது, இனிமேல் போய் அவளை ஓரகத்தி என்று எப்படி எண்ணுவாள்? கோமதியைக் குறை சொல்ல முடியாது. யாரைத்தான் குறை சொல்ல முடிகிறது இதில்? சொல்ல முடிந்தால் இந்தக் கால் இப்படி மரத்துப்போகாது. தட்டை இடது தொடைக்கு மாற்றினார். அங்கேயும் நனைந்தது.

அந்த மூன்று வார்த்தை வராததற்குக் காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும். நாலாம் வகுப்பில் பரிசு கொடுத்த அன்றைக்குப் புது வாத்தியார் தாயார் பெயர் கேட்டார். மேடையில் கூட்டத்தைப் பார்த்த பயத்தில் "ஆவுடையம்மாள்" என்று சொல்லிவிட்டார். சபையில் அருணாசலம் அப்பா இருந்தார், வளர்த்த பிச்சம்மாள் அம்மா இருந்தாள். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். மறுநாள் காலையிலும் வயிறு சரியில்லை. அந்தப் பரிசுத் தட்டை, எவர்சில்வர் தட்டு, பிச்சம்மாள் அம்மா பரணில் போட்டுவிட்டாள். ஒரு அடி அடித்திருக்கலாம், ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம், மறந்துபோயிருக்கும். அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை, மனுஷர் பேசாமல் பட்டினி கிடந்தார். அதற்குப் பிறகு நாற்பத்தொன்பது வருஷம் ஒருதடவைகூட அந்தப் பெயர் தாயார் என்கிற இடத்தில் வாயில் வரவில்லை. அப்பா செத்து பதினாலு வருஷம் ஆகிறது, அம்மா போய் ஒன்பது. ஆனாலும் இன்றைக்கு 'தர்ஷினி என் தம்பி மகள்' என்று சொன்னால் எங்கேயோ ஒரு இடத்தில் அருணாசலம் அப்பா இலையை மடக்கிவிட்டு எழுந்துபோய்விடுவார் என்று பயமாக இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதுக்காரன் பயப்படுகிற பயமா இது? இதுதான் பயம். வேண்டாம் என்றால் அந்த மனுஷருக்கு நான் பிள்ளை இல்லை என்று ஆகிறது. சரி என்றால் கூடப் பிறந்தவர்களின் பிள்ளைகளை மணையில் உட்காரவைத்துவிட்டு அட்சதை போட வேண்டியிருக்கிறது. எதைச் செய்தாலும் ஒருத்தருக்குத் துரோகம். இதற்குத்தான் இத்தனை பிச்சிப்பூ.

தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வாரிசுச் சான்றிதழ் எழுதினவர் அவர். இறந்தவர் பெயர், வாரிசுகள் பெயர், உறவுமுறை. எத்தனை பேருடைய உறவுமுறையை அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்! மனைவி, மகன், மகள், தாயார். இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் வந்து முற்றத்தில் கட்டிப்புரண்டு சண்டை போட்டதையெல்லாம் ஒரு டீ குடித்துக்கொண்டே தீர்த்துவைத்திருக்கிறார். தத்துப்பிள்ளை கேஸ் வந்தால் மட்டும் பேனா கொஞ்சம் நிற்கும். பிறந்த வீட்டோடு எல்லாம் அறுந்தது, எழுதும்வே என்பார் தாசில்தார். எழுதுவார். போன மாதம் பழைய சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்து வாசித்தார். எல்லா உறவும் அறுந்துபோகும், ஆனால் பிறந்த வீட்டில் இருந்திருந்தால் யாரைக் கட்டக்கூடாதோ அவரைத் தத்துப்போன பிறகும் கட்டக்கூடாது என்று அதில் இருந்தது. ஏழு தடவை வாசித்தார். சட்டம் எழுதினவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, ஏதோ ஒன்று அறுவதில்லை என்று. வக்கீல் நண்பரிடம் ஓடினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது தத்துப்போன உமக்குவே. உம்ம பையனுக்கு எங்க சொல்லியிருக்கு? நம்ம பக்கம் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா, முறை வருதுன்னா வருதுதான்" என்று அனுப்பிவிட்டார். முறை வருதாம். இந்த மூன்று மாதத்தில் இந்த ஒரு வார்த்தையை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! ஜோசியர் சொன்னார், கோமதியின் அக்கா சொன்னாள், பூக்காரிகூட இன்று காலையில் பந்தைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

ஃபோன் அடித்தது. மாசிலாமணி. "அத்தான், எங்க வந்துக்கிட்டிருக்கிய?" "கேட்டுல கெடக்கோம்." "அய்யய்யோ. மணி பத்து எட்டு ஆச்சே." "நான் என்னடே செய்ய, கம்பியைத் தூக்கவா?" என்று அவன்மேல் விழுந்தார். ஏதாவது சொல்லேன்டா மடையா, வரவேண்டாம் என்று சொல்லேன், நீ சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன் என்று மனசுக்குள் கத்தினார். "சரி அத்தான், பாத்து வாங்க" என்று வைத்துவிட்டான். எப்போதும் இப்படித்தான். சின்ன வயசில் லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போனால், ஆமாம், அத்தை வீடுதான், வேறு எப்படிச் சொல்ல, அவருக்கு முழு வாழையிலை போடுவாள் ஆவுடையம்மாள். மாசிலாமணிக்கு நசுங்கின அலுமினியத் தட்டு. அவருக்கு நெய், அப்பளம், மூன்றாவது தடவை குழம்பு. "மருமகனே, இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க." ஏழு வயசுப் பிள்ளைக்குப் போட்டுக்கிடுங்க! மாசிலாமணி அந்த இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான், இவர் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அவள் விருந்தாளியைக் கவனிப்பதுபோல் கவனித்தாள், ஒரு குறை வைக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. தலையைத் தடவினதில்லை. டைபாய்டின்போது தினமும் நாலு மைல் நடந்து வந்து, அறை வாசலில் நின்று, "மருமகனுக்கு எப்படி இருக்கு மைனி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாளாம். உள்ளே வா என்று பிச்சம்மாள் கூப்பிட்டால், சோலி கிடக்கு என்பாளாம். மனுஷிக்கு நெஞ்சு என்று ஒன்று இருந்ததா? இல்லை, கொடுத்துவிட்டோம், சனியன் விட்டது என்று இருந்தாளா? இத்தனை வருஷமாக இதைத்தான் அவர் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு முடிவும் தெரியவில்லை. சில நாள் கல்நெஞ்சுக்காரி என்று தோன்றும். சில நாள் அப்படித் தோன்றியதற்காக வெட்கமாக இருக்கும்.

வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் தட்டு. மாமா செத்த அன்றைக்கும் இப்படித்தான் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. மாமா என்றால் பெற்ற அப்பா. அருணாசலம் அப்பா அப்போது உயிரோடு இல்லை, அதனால் ஆவுடையம்மாளுக்குப் பிறந்த வீடு என்றால் குற்றாலிங்கம்தான். புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிச்சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். கொண்டுபோனார். தெருமுனையில் நிறுத்தி, கொட்டுக்காரர்கள் வந்து எதிர்கொண்டு கூட்டிப்போனார்கள், விருந்தாளியை. பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன், பெற்ற தாயின் பிறந்த வீட்டு ஆளாகச் சேலைத் தட்டோடு நின்றார். மாசிலாமணி மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளிச்சட்டியோடு நின்றான். அவர் சேலையைத் தோளில் போர்த்தும்போது அவள் நிமிரவே இல்லை. "வாங்க மருமகனே" என்றாள், அவ்வளவுதான். பதினாறு கழிந்து பத்து நாளில் அவர் திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். "இது என்ன திடீர்னு?" என்றாள் கோமதி. நேர்த்திக்கடன் என்றார். என்ன நேர்த்தி என்று அவள் கேட்டதற்கு, ப்ரமோஷன் என்று வாயில் வந்ததைச் சொன்னார். பெற்றவனுக்கு ஒரு மொட்டை போடுவதற்கு முருகனைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்க வேண்டியிருந்தது. ப்ரமோஷனும் வரவில்லை.

இன்றைக்கு ஆவுடையம்மாள் வெளியே வரமாட்டாள். வீட்டுக்காரர் இல்லாதவள், நல்ல காரியத்துக்கு முன்னால் வந்து நிற்கக்கூடாது என்று அவளாகவே பின்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, உன் பேத்திக்குப் பேசுகிறோமே, உனக்குச் சம்மதமா என்று. அவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போன மாதம் வெற்றிலை எடுத்த அன்றைக்குப் பின்கட்டுக்குப் போய், "அத்தை, பேசி முடிச்சிருக்கு" என்று சொன்னார். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சந்தோசம் மருமகனே" என்றாள், கை நிற்கவில்லை. அங்கேயே அந்த முறத்தைப் பிடுங்கி வீசலாம்போல இருந்தது. அருணுக்கும் அந்த மூக்கு, தர்ஷினிக்கும் அந்த மூக்கு, நடுவில் ஒரு முடிச்சு விழுந்த மூக்கு, பெற்ற அப்பாவினுடையது. தர்ஷினிக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி என்று அவர் மடியில்தான் உட்காரவைத்தார்கள், குழந்தை அழுத அழுகையில் மூக்கு சிவந்து அந்த முடிச்சு நன்றாகத் தெரிந்தது, அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. இது என் வீட்டுப் பிள்ளை என்று. நாளைக்கு இந்த இரண்டு மூக்கும் பக்கத்தில் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக ஃபோட்டோவுக்கு நிற்கும். எல்லோரும் ஜோடிப் பொருத்தம் என்பார்கள். அவர்தான் அட்சதையோடு முன்னால் நிற்க வேண்டும். நிற்பார். நின்றுதான் தீருவார், அவர்தான் எல்லாவற்றுக்கும் நிற்கிறவராயிற்றே.

ரயில் வந்தது. வந்தது என்றால் ஏதோ எட்டுப் பெட்டி, ஜன்னலில் எல்லாம் கை, அரை நிமிஷத்தில் போய்விட்டது. இதற்காகவா இவ்வளவு நேரம் என்று பால்காரர் பீடியை மிதித்துவிட்டு எழுந்தார். மணி பத்து பதினாறு. "போயிரலாம், போயிரலாம்" என்று கோமதி உட்கார்ந்த இடத்தில் தவித்தாள். கம்பி இன்னும் தூக்கவில்லை. அப்போது ஃபோன் மறுபடியும் அடித்தது. தர்ஷினி என்று வந்தது. "மாமா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "ஆச்சி உங்ககிட்டப் பேசணுங்காவ. நாங்க பின்கட்டுல இருக்கோம், யாருக்கும் தெரியாது. நான்தான் போட்டுக் குடுக்கேன்." பிறகு புடவை உரசுகிற சத்தம், ஒரு செருமல். ஆவுடையம்மாள் அவரிடம் ஃபோனில் பேசினதே கிடையாது. எல்லாம் வடிவு வழியாகத்தான்.

"எங்க நிக்க?" என்றாள்.

எங்கே நிற்கிறிய என்றில்லை. மருமகனே என்றில்லை. அவருக்கு ஒரு கணம் கழுத்தில் மயிர் சிலிர்த்தது. "கேட்டுல, அத்தை. ரயில் இப்பத்தான் போச்சு."

"தட்டு கொண்டாரியா?"

"ஆமா."

"கொண்டாராத. அந்தத் தட்டு இந்த வீட்டு நடையில ஏறப்பிடாது. அண்ணன் மவனுக்கும் தம்பி மவளுக்கும் தாலி கட்டிவைப்பிய, அந்தக் கொட்டுச் சத்தத்தை நான் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கணுமோ?"

"முறை வருதுன்னுதான் எல்லாரும்..." என்று ஆரம்பித்தார்.

"முறையை எங்கிட்டச் சொல்லாத. அம்பத்து மூணு வருசம் அதைக் கட்டிக் காத்தவ நான். எங்கண்ணன் மனசு நோவக்கூடாதுன்னு ஒருநா ஒருபொழுது வாய் தவறல. பக்கத்துல வந்தா வாய் தவறீரும்னு பக்கத்துலயே வரல. இப்பம் அவுகளும் போயிட்டாவ, மைனியும் போயிட்டா. இந்தப் பிள்ளை ரெண்டு நாளா எம் மடியில கெடந்து அழுதுக்கிட்டுக் கெடக்கு, அருண் எனக்கு அண்ணன் மாதிரில்லா ஆச்சின்னு. மாதிரி என்னட்டி மாதிரி, அண்ணன்தான்னேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் எங்கண்ணனுக்குக் குடுத்தது உன்னைத்தாம்ல. எம் வயித்தைக் குடுக்கல."

கம்பி ஏறியது. பின்னால் நாலைந்து ஹாரன் ஒன்றாக அடித்தன. ஜெபராஜ் வண்டியைக் கிளப்பினான். குற்றாலிங்கம் தட்டைத் தூக்கிக் கோமதியின் மடியில் வைத்துவிட்டு, "ஓரமா நிப்பாட்டு" என்றார். அவன் தண்டவாளம் தாண்டி வேப்பமரத்தடியில் நிப்பாட்டினான். சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு பக்கம் தெரிந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது, இரண்டும் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது கோபம்தான், அப்படி ஒரு கோபம் அவருக்கு யார்மேலும் வந்ததில்லை.

"இதை இப்பச் சொல்லுத!" என்று கத்தினார். "இப்பச் சொல்லுத! மூணு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? வெத்தலை எடுத்த அன்னைக்கு உன்கிட்டதான வந்து நின்னேன், சந்தோசம்னு சொன்னியே, சொன்னியா இல்லியா? அரிசி புடைக்கியாம் அரிசி! பின்னால ஒரு வேன் நிறைய ஆளு வாரான், பொண்ணுக்குச் சேலை எடுத்தாச்சு, ஊருபூராம் சொல்லியாச்சு, பத்து நிமிசம் இருக்கையில ஃபோனைப் போட்டுச் சொல்லுத! இனிமே அத்தனை பேருக்கும் நான்தான பதில் சொல்லணும்? உனக்கு எப்பவும் இதே சோலி. எதையாவது நேரத்துக்குச் சொல்லியிருக்கியா நீ? நான் எப்படிச் சொல்லுவேன், எந்த வாயால சொல்லுவேன்? பெத்தவ நீ சொல்லாம வேற எவ வந்து சொல்லுவா?"

கோமதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, யாருகிட்டப் பேசுதிய? பெரியவுகளையா நீ நான்னு பேசுதிய? என்ன ஆச்சு உங்களுக்கு?" ஜெபராஜ் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் இறங்கிப் போய் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எண்பது வயசுக் கிழவியை, தெருவில் வண்டியை நிறுத்தி இப்படியா கத்துவது? என்ன பேசிவிட்டோம்? "கேக்குதா?" என்றார், குரல் பாதியில் உடைந்தது.

"கேக்குது" என்றாள் ஆவுடையம்மாள். அழுகிறாளா என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஏன் நிப்பாட்டிட்ட? ஏசுல. இன்னும் ஏசு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.